வடக்குப் பார்த்த சைக்கிள்

"மெதுவா மிதியுங்கோ. சத்தம் படலை வரைக்கும் கேக்குது."

"மெதுவா மிதிச்சால் முழங்கால் எப்பிடி மடங்கும்? உனக்குக் கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை."

இராசேஸ்வரி யன்னலில் தொங்கவிட்டிருந்த சாக்கை ஒரு விரல் அகலம் விலக்கி வெளியே பார்த்தாள். முற்றத்தில் கோழிகள் மட்டும் நின்றன. கோழிகளைக் கண்டும் அவளுக்கு நெஞ்சு அடித்தது. கொஞ்ச நாளாக எதைக் கண்டாலும் அவளுக்கு அப்படித்தான்.

கதவு சாத்திய அறை. மேலே பங்குனி வெயில். உள்ளே அவள் புருஷன் கனகலிங்கம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வியர்வை சொட்டச் சொட்டச் சைக்கிள் ஓடிக்கொண்டிருந்தான். ஓடினானே தவிர ஒரு சாண் தூரமும் போகவில்லை. பின்சில்லு நிலத்தில் முட்டாமல் அந்தரத்தில் சுற்றியது.

மனிதர் யாராவது வீட்டுக்குள் சைக்கிள் ஓடுவார்களா என்று, இந்த வாரந்தான் கதைக்குள் காலடி வைக்கிறவர்கள் கேட்கக்கூடும். அவர்களுக்காக ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போவோம்.

தை மாதம் விறகு ஏற்றி வந்த வண்டில் மதகடியில் குடைசாய்ந்தது. கனகலிங்கத்தின் இடது கால் சில்லுக்கு அடியில் அகப்பட்டது. பரந்தன் சந்தி வரை இன்னொரு வண்டிலில் கிடத்திக் கொண்டுபோய், அங்கிருந்து பஸ் ஏற்றி, யாழ்ப்பாணத்து முறிவு வைத்தியர் ஒருவரிடம் சேர்த்தார்கள். அவர் பத்துப் போட்டு, சிம்பு வைத்துக் கட்டி, எலும்பைப் பொருந்த வைத்துவிட்டார். கட்டு அவிழ்த்த அன்று அவர் சொன்னது இராசேஸ்வரிக்கு இன்றைக்கும் மனப்பாடம்.

"முழங்கால் இறுகிப் போச்சு. சைக்கிள் மிதிச்சால் இளகும். ஆனால் உடம்புப் பாரம் முழுக்க இந்தக் காலிலை விழக்கூடாது, பிள்ளை. இன்னொருக்கா முறிஞ்சால் என்னட்டைக் கொண்டு வராதை. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போ. அங்கை வாள் இருக்கு."

சைக்கிள் மிதிப்பதற்குத் தெரு இல்லையா? இருந்தது. ஆனால் தெருவில் கண்களும் இருந்தன.

குடியேற்றக் காணிக்கு ஒரு சட்டம் உண்டு. அரசாங்கம் எழுதிக் கொடுத்த பேர்மிற்றில் யாருடைய பெயர் இருக்கிறதோ அவரே நின்று வயலைச் செய்ய வேண்டும். செய்யமாட்டாதவரின் காணி வேறொருவர் கைக்குப் போகும் என்பார்கள். அப்படிப் போன காணி எது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் அந்தப் பயம் குடியேற்றத்தில் எல்லா வீட்டுக் குசினியிலும் உப்பைப் போல இருந்தது. மாசி அரிவி வெட்டை கனகலிங்கம் ஆள் விட்டுச் செய்ததைக் கண்ட யாரோ காணிக் கந்தோருக்குப் பெட்டிசம் எழுதிப் போட்டுவிட்டார்கள். திங்கட்கிழமை கந்தோர் அதிகாரி, காணி ஐயா, நேரே வருகிறார் என்று ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான்.

வந்தால் முதலில் வாய்க்கால் பங்கைத்தான் பார்ப்பார். சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறக்குமுன், வாய்க்காலில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு துண்டு உண்டு. காணிக்காரன் அதைத் துப்புரவாக்கி, அந்த இடத்தில் தானே நின்று காட்ட வேண்டும். கனகலிங்கத்தின் பங்கை இராசேஸ்வரியும், அவனுடைய தங்கை கமலாசனியும் ஊர் எழும்புமுன் போய்ப் போய் வெட்டித் துப்புரவாக்கியிருந்தார்கள். இனி வேண்டியது அங்கே நிற்க ஓர் ஆண்பிள்ளை.

அவன் நடந்தால் கால் இழுத்தது. ஆனால் சைக்கிளில் போகிறவன் நொண்டுகிறான் என்று எவன் கண்டான்? இந்த யோசனை இராசேஸ்வரியுடையது. அன்றே அறைக்குள் சைக்கிள் வந்தது.

அறையோ நெல் அறை. மூட்டைகளை விறாந்தையில் போடலாமே என்றால், நெல் மணத்துக்கு யானை வந்து நிற்கும். ஆகவே மேற்குப் பக்கம் இடுப்பு உயரத்துக்கு மூட்டை அடுக்கு. கிழக்குப் பக்கம் சுவர். நடுவே வடக்குத் தெற்காக ஓர் ஒடுங்கிய இடைவெளி, சுவரோடு சைக்கிளும் மூட்டையோடு ஓர் ஆளும் நிற்க மட்டும் இடம் போதும்.

முதல்நாள் சைக்கிளை அதன் சொந்த ஸ்ராண்டில் நிறுத்தி மிதித்தான். நாலு மிதியில் அது நகர்ந்து போய்ச் சுவரில் மோதியது. சாந்து பெயர்ந்து தலையில் கொட்டியதுதான் மிச்சம். மறுநாள் இராசேஸ்வரி நுனி பிளவுபட்ட இரண்டு பாலைமரக் கவர்த்தடிகளை நிலத்தில் இறுக்கி நட்டு, பின்சில்லின் அச்சை இரண்டு பக்கமும் கவருக்குள் தூக்கி வைத்துக் கயிற்றால் வரிந்தாள். முன்சில்லை உமிச் சாக்குகளுக்கு இடையில் செருகினாள். சில்லு சும்மா சுழன்றால் காலுக்கு என்ன பலன் என்று கனகலிங்கம் முனகியபோது, பழைய ரியூப் ஒன்றை வெட்டி ரயரின் மேலே போட்டு, ஒரு நுனியைக் கவர்த்தடியில் முடிந்து, மற்ற நுனியில் அம்மிக் குழவியைக் கட்டித் தொங்கவிட்டாள். அதோடு மிதி பாரமாகிவிட்டது. உர்ரென்ற சத்தமும் அறை முழுக்க றப்பர் மணமும் அதற்குக் கிடைத்த வட்டி.

ஒன்றில் மட்டும் இருவருக்கும் பிணக்கு வந்தது.

"தெற்குப் பாக்க வைப்பம், இராசு. அப்பதான் வலப்பக்கம் இடம் வரும். நல்ல காலாலை ஏறி நல்ல காலாலை இறங்கலாம்."

"தெற்கோ! அது எமன்ரை திசையெல்லே. கால் முறிஞ்ச மனிசன் நாள் முழுக்க எமன்ரை வாசலைப் பாத்து மிதிக்கிறதோ? என்னாலை ஏலாது."

"சைக்கிள் நகராதப்பா!"

"நகராட்டிலும்!"

சைக்கிள் வடக்குப் பார்த்தது. வலப்பக்கம் சுவர் வந்தது, இடப்பக்கம் மூட்டை வந்தது. கனகலிங்கம் மூட்டையில் குந்தி, அங்கிருந்து ஆசனத்துக்கு வழுகுவான். இறங்கும்போது இராசேஸ்வரி இடப்பக்கம் வந்து நின்று அவன் பாரத்தைத் தன் தோளில் வாங்குவாள். போகப் போக அது இருவருக்கும் பழகிப்போயிற்று. அவன் கால் தரையில் படுமுன்பே அவள் தோள் அங்கே நிற்கும்.

சரி, வெள்ளிக்கிழமைக் காலைக்கு வருவோம்.

"கமலாசனி! கமலாசனி!"

படலையில் நேசமலர். பக்கத்துக் காணிக்காரர் ஐயாத்துரையின் மனைவி. இராசேஸ்வரியின் பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள், நல்லகாலம். "சைக்கிள் எண்டு வாய் திறந்தால் சூடு" என்று வெருட்டி வைத்திருந்தாலும், சின்னவளின் வாய் ஓட்டை வாய்.

கமலாசனி குசினிக்குள்ளிருந்து ஓடிவந்து, நேசமலரை முற்றத்திலேயே மறித்தாள்.

"வாங்கோக்கா. என்ன விஷயம்?"

"ஒண்டுமில்லை. உங்கை உள்ளுக்கு உதென்ன சத்தம்? நாலைஞ்சு நாளாக் கேக்கிறன். உர்ர் உர்ரெண்டு."

"அது… திரிகை அக்கா. உழுந்து உடைக்கிறம்."

"நல்லதாப் போச்சு. எங்கடை வீட்டிலையும் கொஞ்ச உழுந்து கிடக்கு. முடிஞ்சாப்போலை திரிகையை ஒருக்காத் தாவன்."

அந்த வீட்டில் திரிகை கிடையாது. இருந்ததும் கிடையாது.

"பிடி கழண்டு போச்சு அக்கா. தச்சனிட்டைக் குடுக்க வேணும்."

அறைக்குள்ளிருந்து உர்ர் என்றது.

"பிடி கழண்ட திரிகை நல்லாச் சுத்துது," என்றாள் நேசமலர். சிரித்தாளா இல்லையா என்று கமலாசனிக்குத் தெரியவில்லை. "எங்கடை இவர் வாய்க்காலிலை நிக்கிறார். எங்கடை பங்கு உங்கடை பங்குக்குப் பக்கத்திலைதானே. உங்கடை வாய்க்கால் கட்டு முழுக்கச் சின்னச் சின்னக் காலடியாக் கிடக்குதாம். உன்ரை அண்ணைக்கு எப்ப கால் சின்னனாய்ப் போச்சு எண்டு இவர் கேட்டவர்."

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

கமலாசனி அறைக்குள் ஓடிப்போய், கேட்டதை அப்படியே சொன்னாள். சில்லு நின்றது. கனகலிங்கம் வியர்வையைத் துடைக்கவும் மறந்து இருந்தான்.

"அப்ப பெட்டிசம் போட்டது ஐயாத்துரைதான்," என்றாள் இராசேஸ்வரி. "மருமகனுக்குக் காணி தேடித் திரியிறவர்."

"கண்டனியோ? காணாததைச் சொல்லாதை."

"காண வேணுமோ? ஏன் காலடியை எண்ணிக்கொண்டு நிக்கிறார்?"

தெருவில் ஓர் இரைச்சல் எழுந்து, கிட்ட வந்து, படலையடியில் நின்றது.

கமலாசனி சாக்கை விலக்கிப் பார்த்தாள்.

"மச்சாள், ஜீப்!"

"திங்கட்கிழமை எண்டல்லோ சொன்னவை!"

காணி ஐயாமார் சொன்ன நாளில் வந்துவிட்டால் பிறகு அவர்கள் என்ன காணி ஐயாமார்? இராசேஸ்வரி குசினிக் கத்தியை எடுத்து ரியூப்பை அறுத்தாள். குழவி நிலத்தில் தொப்பென்று விழுந்தது. கயிற்றை அறுத்தாள். அவசரத்தில் தன் விரலையும் கொஞ்சம் அறுத்துக்கொண்டாள். தோளைக் கொடுத்து அவனை இறக்கி, அச்சைக் கவரிலிருந்து தூக்கிச் சைக்கிளை நிலத்தில் விட்டாள்.

"என்னை விடு. நீ முன்னுக்குப் போ," என்றான் கனகலிங்கம் தணிந்த குரலில்.

முற்றத்தில் காணி ஐயா நின்றார். வெள்ளைக் காற்சட்டை, தலையில் தொப்பி. பின்னால் பியோன்.

"இது ஆற்றை காணி, பிள்ளை?"

இராசேஸ்வரி கமலாசனியைப் பார்த்தாள். கழுத்தில் தாலி ஏறிய நாள்முதல் அவள் புருஷன் பெயரை வாயால் சொன்னதில்லை. கோவில் அருச்சனைக்குக்கூடக் கமலாசனிதான் பெயர் சொல்லுவாள்.

"அண்ணையின்ரை, ஐயா. கனகலிங்கம்," என்றாள் கமலாசனி.

"ஆள் எங்கை?"

"இஞ்சை நிக்கிறன் ஐயா."

கனகலிங்கம் அறைக்குள்ளிருந்து சைக்கிளை உருட்டிக்கொண்டு விறாந்தைக்கு வந்தான். பார்க்கிறவனுக்கு அவன் சைக்கிளை உருட்டுகிறான். உண்மையில் சைக்கிள்தான் அவனைத் தாங்கிக்கொண்டு வந்தது. இரண்டு கையும் ஹாண்டிலை அழுத்திப் பிடித்திருந்த பிடியில் நரம்பு புடைத்தது இராசேஸ்வரிக்குத் தெரிந்தது. காணி ஐயாவுக்கும் தெரிகிறதோ என்று அவர் முகத்தையே பார்த்தாள்.

"சைக்கிளை அறைக்குள்ளையோ வைக்கிறனீர்?"

"இரவிலை யானை வாறது, ஐயா."

"யானை சைக்கிளும் தின்னுமோ?"

பியோன் சிரித்தான். கனகலிங்கமும் சிரித்தான். இராசேஸ்வரிக்குச் சிரிக்க வாய் வரவில்லை.

"உமக்குக் கால் வழங்காது, கூலிக்காரர்தான் வயல் செய்யினம் எண்டு கந்தோருக்குக் கதை வந்திருக்கு," என்றார் காணி ஐயா, அவன் காலைப் பார்த்தபடி.

"ஊர் வாயை மூட உலைமூடி இருக்கோ, ஐயா?"

"அதுவும் சரிதான். அப்ப திங்கள் வரை பாப்பானேன்? வந்தது வந்திட்டன். இப்பவே உம்மடை பங்கைக் காட்டும். ஜீப்பிலை ஏறும்."

ஜீப்பின் படி உயரம். ஏறினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

"வேண்டாம் ஐயா. நான் சைக்கிளிலை முன்னுக்குப் போறன். நீங்கள் பின்னாலை வாங்கோ."

இராசேஸ்வரி சைக்கிளை முற்றத்தில் இறக்கி, விறாந்தை ஓரத்தோடு அணைத்துப் பிடித்தாள். அவன் விறாந்தைத் தூணில் பாரத்தைப் போட்டுச் சாய்ந்தபடி வலது காலைத் தூக்கிப் போட்டு, மூட்டையிலிருந்து வழுகுவதுபோலவே ஆசனத்தில் வழுகினான். மிதித்தான். சைக்கிள் ஒருமுறை உலாஞ்சி, நேராகி, படலையைத் தாண்டிப் போயிற்று. ஜீப் அவன் பின்னால் உறுமிக்கொண்டு போனது.

"அண்ணை ஓடுறார், மச்சாள்! முந்தின மாதிரியே ஓடுறார்!" கமலாசனி கைகொட்டினாள்.

இராசேஸ்வரிக்கும் கண் கலங்கியது. முருகா, நீ இருக்கிறாய் என்று நினைத்தாள். வெட்டுப்பட்ட விரலைச் சேலைத் தலைப்பில் சுற்றினாள். அவன் பாரம் வாங்கி வாங்கிக் கன்றிப்போயிருந்த தோளை மற்றக் கையால் தடவிக்கொண்டாள்.

தடவிய கை அப்படியே நின்றது.

"கமலா, இவர் இறங்கேக்கை ஆர் பிடிக்கிறது?"

கமலாசனியின் சிரிப்பு மறைந்தது.

மிதிக்கப் பழகினார்கள். மடக்க, நீட்டப் பழகினார்கள். ஏற வழி கண்டார்கள். இறங்குவதை மட்டும் ஒருநாளும் பழகவில்லை, ஏனென்றால் இறங்குகிற இடத்தில் எப்போதும் ஒரு தோள் இருந்தது. பங்கடியில் தோள் இல்லை. விறாந்தை இல்லை. மூட்டை இல்லை. கனகலிங்கம் சைக்கிளிலிருந்து இறங்குவதை அவள் கலியாணம் முடித்த நாள்முதல் கண்டிருக்கிறாள். பிறேக்கைப் பிடிப்பான், வலது காலைப் பின்னால் வீசுவான், முழு உடம்போடும் இடது காலில் குதிப்பான். அதைக் காலுக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. நாள்தோறும் இடப்பக்கமே இறக்கி இறக்கி அந்தப் பழக்கத்துக்கு இவள் வேறு எண்ணெய் ஊற்றியிருந்தாள்.

அங்கை வாள் இருக்கு.

இராசேஸ்வரி ஓடினாள்.

தெரு வாய்க்காலைச் சுற்றி வளைந்து போகும். வயலுக்குள்ளால் விழுந்தால் குறுக்கு வழி. வெட்டிய நெல்லின் அடிக்கட்டை உள்ளங்காலில் குத்தியது. வரம்பில் தடுக்கி ஒருதரம் முழங்காலில் விழுந்து எழும்பினாள். தெற்குப் பார்க்க வைத்திருந்தால் வலக்காலால் இறங்கப் பழகியிருப்பான் என்ற ஒரே நினைப்பு கூடவே ஓடிவந்தது. எமனுக்குப் பயந்து திருப்பி வைத்தது அவள்தான். இப்போது அவள் புருஷனின் காலில் எமன் இருந்தான். அழுதுகொண்டு ஓடினாள்.

வாய்க்கால் கட்டு தெரிந்தது. கட்டு நெடுக ஆண்கள் மண்வெட்டியோடு நின்றார்கள். இங்கும் அங்கும் பெண்கள் புல் அள்ளினார்கள். கட்டின் மேலே கனகலிங்கம் சைக்கிளில் வந்துகொண்டிருந்தான். நிமிர்ந்து இருந்தான், ஒரு குறையும் தெரியவில்லை. பின்னால் ஜீப். தன் பங்கடியை நெருங்கியதும் அவன் வேகத்தைக் குறைத்தான்.

"இஞ்சாருங்கோ!" என்று கத்தினாள் இராசேஸ்வரி.

வாய்க்காலில் நின்ற ஆண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எல்லார் வீட்டிலும் மனைவியின் கூப்பாடு அது ஒன்றுதானே. திரும்பாதவன் கனகலிங்கம் மட்டும்தான். ஜீப் இரைச்சல் அவன் காதை அடைத்திருந்தது.

அவன் கை பிறேக்கைப் பிடித்தது.

"இஞ்சாருங்கோ! இஞ்சை!"

வலது கால் மிதியை விட்டு எழும்பியது.

சொன்னால் காணி போகும். சொல்லாவிட்டால் கால் போகும். இதை அவள் யோசித்தாள் என்று எழுதினால் பொய். யோசிக்க நேரம் இருக்கவில்லை. நெஞ்சில் இருந்த பயம் முழுவதும் ஒரே சத்தமாக வெளியே வந்தது.

"கனகலிங்கம்! இடக்காலை ஊண்டாதேங்கோ!"

அந்தப் பெயரை அந்தக் குரலில் அவன் ஒருநாளும் கேட்டதில்லை. திடுக்கிட்டுத் திரும்பினான். அந்தரத்தில் நின்ற வலது கால் திரும்பி வந்தது. சைக்கிள் வலப்பக்கம் சரிய, அந்தக் கால் நிலத்தில் ஊன்றியது. ஆட்டம் கண்டு, நின்றுகொண்டான். இடது கால் மிதியிலேயே இருந்தது, ஒரு பாரமும் விழாமல்.

இராசேஸ்வரி கட்டின் அடியில் வந்து அப்படியே குந்திவிட்டாள். மூச்சு வாங்கியது. கால் தப்பிவிட்டது, அதை அவள் கண்டாள். அதற்குப் பிறகுதான் சுற்றிலும் எவ்வளவு அமைதி என்பது அவளுக்கு உறைத்தது. ஜீப் இரைச்சலும் நின்றிருந்தது.

காணி ஐயா ஜீப்பிலிருந்து இறங்கி வந்தார். கனகலிங்கத்தைப் பார்த்தார். மிதியில் இருந்த காலைப் பார்த்தார். பிறகு கட்டின் கீழே இருந்தவளைப் பார்த்தார்.

"ஏன் பிள்ளை, இடக்காலுக்கு என்ன?"

ஊர் முழுவதும் பார்த்துக்கொண்டு நின்றது.

பக்கத்துப் பங்கில் ஒரு மண்வெட்டி நிலத்தில் விழுந்தது. ஐயாத்துரை சேற்றுக் கையைச் சால்வையில் துடைத்துக்கொண்டு மெல்லக் கட்டில் ஏறினார். அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கனகலிங்கத்தின் பங்கில், ஈர மண்ணில் கிடந்த சின்னச் சின்னக் காலடிகளைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"ஐயா," என்றார், "அதுக்கு மறுமொழி நான் சொல்லுறன்."

(தொடரும்)